அம்மாவின் அடுப்பைப் பற்றி ஒரு கவிதை

துபாயில், அல் கூஸில் இருந்த ஒரு இன்டீரியர் கம்பெனியில் எட்டு வருடம் வேலை பார்த்தேன். பக்கத்து மேசையில் லண்டனிலிருந்து வந்த டிசைனர், ஐம்பது வயதுப் பெண்மணி. அவர் யூதர் என்பது ஆபீசில் எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த நாட்களில் அதை அவர் வெளியே சொல்லிக்கொள்வதில்லை. பண்டிகை வந்தால் போக ஜெப ஆலயம் கிடையாது. ஒரு கவிதை எழுதுவார், மதியச் சாப்பாட்டின்போது எனக்குப் படித்துக் காட்டுவார்.

ஒரு நாள் அவர் டிபன் டப்பாவைத் திறக்கவே இல்லை. அம்மா இறந்து அன்றோடு ஒரு வருடமாம். அன்றைக்குச் சொல்ல வேண்டிய பிரார்த்தனைக்குப் பத்து யூதர்கள் கூட வேண்டும். இந்த ஊரில் தனக்கு இரண்டு பேரைத்தான் தெரியும் என்றார். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. பிரார்த்தனைக்குப் பதிலாக ஒரு கவிதை எழுதி வைத்திருந்தார்.

கவிதை கேட்க யார் வந்தாலும் பரவாயில்லையா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினார்.

அவருடைய அம்மாவின் நினைவு நாள் என்று மட்டும் சொல்லி ஆட்களைக் கூட்டினேன். டிராஃப்ட்ஸ்மேன்கள், பாகிஸ்தானி டிரைவர் எல்லாம் சேர்ந்தும் ஒன்பது பேர்தான். பேன்ட்ரியில் டீ போடும் ராமநாதபுரத்துக்காரரைக் கூப்பிட்டேன். இங்கிலீஷ் தெரியாதே என்று தயங்கினார். தமிழில் சொல்கிறேன், வாருங்கள் என்றேன்.

யூதர்களின் ஆதித்தாய் சாராளின் கூடாரத்தில் வெள்ளிக்கிழமை ஏற்றிய விளக்கு அடுத்த வெள்ளிவரை அணையாது என்று அவர்களிடம் ஒரு பழங்கதை உண்டு. கவிதை அதில் தொடங்கியது. பிறகு அம்மாவின் சின்ன சமையலறை, வெள்ளிதோறும் பிசையும் ரொட்டி மாவு, கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி ஓடிவரும் அம்மா. இனி யார் திரும்பி ஓடிவந்து பார்ப்பார்கள் என்று கேட்டு முடிந்தது. நான் டீக்காரரின் காதருகே வரி வரியாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

எல்லோரும் கலைந்த பிறகும் டீக்காரர் போகவில்லை.

"அந்த அடுப்பு வரிய இன்னொருக்கா சொல்லுங்கக்கா."

சொன்னேன்.

"எங்காத்தா செத்தப்ப முந்துன கம்பெனில லீவு மாஃபி, கெடையாதுன்னுட்டாங்க. ரூம்ல ஏழு பேரு. வாய்விட்டு அழக்கூட இல்ல."

அதை ஆங்கிலத்தில் சொன்னதும் தோழி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய அம்மாவின் பெயரைக் கேட்டு, கவிதையின் தலைப்புக்குக் கீழே தன் அம்மாவின் பெயருக்கு அருகில் எழுதினார். கவிதையைத் தமிழிலும் எழுதித் தரச் சொன்னார் டீக்காரர். எழுதிக் கொடுத்தேன்.

அந்த வருடமே லீவில் ஊருக்குப் போய்வந்தார். ஆத்தாவின் படத்துக்கு முன்னால் அதைப் படித்தாராம்.

"பாதியிலயே அழுதுட்டேங்க்கா. மிச்சத்த எம்பொண்டாட்டிதான் படிச்சா."