அத்தைக்குக் கிடைத்த இடம்

அப்பாவின் தங்கை, என் அத்தை, எம்.பி.ஏ. படிக்கப் போவதாகச் சொன்னபோது எங்கள் மலையூரான செம்மநத்தத்தில் யாருக்கும் அது என்னவென்று தெரியவில்லை. யாவாரம் பண்ணுவதற்குக்கூடப் படிக்க வேண்டுமா என்று பெரியப்பா சிரித்தார். அத்தை நுழைவுத் தேர்வு எழுதி, சென்னைக்குப் போய் நேர்முகத்தையும் முடித்துவிட்டாள். மலைவாழ் மக்களுக்கான ஒதுக்கீட்டில் இடம் கிடைத்துவிட்டது. நாங்கள் உண்மையிலேயே மலைச்சாதிதானா என்று ஓர் அதிகாரி நேரில் வந்து விசாரிப்பதுதான் பாக்கி.

பக்கத்து ஊரில் ஒருவருக்குச் சாதிச் சான்றிதழை ரத்து செய்து, படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டார்களாம். அதைக் கேட்டதிலிருந்து வீடே நடுங்கியது. மலைச்சாதி வீட்டில் இது ஏது என்று கேட்டுவிடுவார்களோ என்று அப்பா ரேடியோவைக் காப்பி மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். அம்மா, அப்போது சிறுமியாயிருந்த என்னிடம், "தப்பாக் கிப்பாச் சொல்லிராத கண்ணு. அத்தையப் புடிச்சிட்டுப் போயிருவாங்க" என்றாள். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

சேலத்திலிருந்து ஜீப் வந்தது. அத்தை, முன்பு கல்லூரியில் பட்டம் படித்தபோது கட்டிய மெல்லிய வாயில் துணிப் புடவையில் வந்து, அதிகாரி கேட்டதற்கெல்லாம் நிமிர்ந்து நின்று பதில் சொன்னாள். அதுவே வினையாயிற்று.

"பேச்சும் துணியும் பாத்தா மலைக்காரங்க மாதிரியே தெரியலையேம்மா" என்றார் அவர்.

"வேற எப்படி இருக்கோணுங்க?" என்று அத்தை கேட்டாள்.

அப்பா பதறிப்போய்க் கும்பிட்டார். "தெரியாமப் பேசிருச்சுங்க, மனசுல வெச்சுக்காதீங்க."

அதிகாரி கதவோரம் நின்றிருந்த என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. உங்க சாமி பேரென்ன?"

சேர்வராயன் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன். அப்போது நாக்கு புரளவில்லை. அத்தையை ஜீப்பில் ஏற்றுவதுபோலவே கண்ணுக்குத் தெரிந்தது. கால் வழியே சூடாக இறங்கி, மண்தரை நனைந்தது.

அவர் உரக்கச் சிரித்தார். "ஆளைப் பாத்தாலே இப்படி மிரளுதே! சந்தேகமே வேண்டாம், மலைப்புள்ளதான்" என்று கையெழுத்துப் போட்டார்.

ஜீப் போனதும் பெரியப்பா என்னைத் தூக்கிக்கொண்டார். "நீதான் சாமி அத்தைக்கு எடம் வாங்கிக் குடுத்தது!"

அத்தை மட்டும் சிரிக்கவில்லை. என்னைத் தண்ணீர்த் தொட்டிக்கு இழுத்துப் போய், பாவாடையைக் கழற்றிக் கல்லில் அறைந்து துவைத்தாள். அழுக்கு போன பிறகும் நிறுத்தவில்லை. அந்த வருஷமே சென்னைக்குப் போய்ச் சேர்ந்து, படிப்பை நல்லபடியாக முடித்தாள். அவளுக்குக் கோபம் என்மேல்தான் என்று நம்பிய நான், அவள் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் காப்பிச் செடிகளுக்குள் போய் ஒளிந்துகொண்டேன்.