துசியந்தி ஆடி மறைத்த சொல்

லண்டன் எட்மண்டனில் துசியந்தியைத் தெரியாத தமிழர் உண்டு. அவள் கணவன் றொஜனின் பேனரைத் தெரியாதவர் கிடையாது. பிள்ளை பெரிதான சாமத்தியவீடோ, மாதா கோயில் முதல் நன்மையோ, ஐம்பதாவது பிறந்தநாளோ, மேடைக்குப் பின்னால் தொங்குவது அவன் அடித்ததுதான். ஊருக்கெல்லாம் அடித்துக் கொடுத்தவனுக்குச் சொந்தப் பெண்சாதிக்கு ஒன்று அடிக்கச் சாட்டுக் கிடைக்காமல் கை துறுதுறுத்தது.

சாட்டு ஒருவழியாகக் கிடைத்தது. மன்னாரிலிருந்து வந்த காலம் தொட்டு ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு வண்டில் தள்ளியவள் துசியந்தி. தள்ளிக்கொண்டே படித்தாள். பிள்ளைகள் மேசையில் வீட்டுப்பாடம் செய்ய, எதிரே இவள் சிறுநீரகத்தையும் பொட்டாசியத்தையும் கட்டிக்கொண்டு அழுதாள். கடைசியில் நோயாளிக்குச் சாப்பாடு வகுக்கும் படிப்பில் பட்டம் வந்தே விட்டது. ஆனால் பாருங்கள், பட்டம் மட்டும் காணாது. மருத்துவத் தொழில்களைக் கண்காணிக்கும் கவுன்சில் ஒன்று வைத்திருக்கும் பதிவேட்டில் பேர் ஏறும்வரை ஒருத்தி தன்னை டயட்டீஷியன் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. தெரிந்துகொண்டே சொல்லி ஊரை நம்பவைத்தால் குற்றம். இவளுடைய விண்ணப்பம் போய்விட்டது, பேர் இன்னும் ஏறவில்லை. ஏறினால்தான் ஆஸ்பத்திரி எடுத்து வைத்திருக்கும் புது வேலையும்.

இதெல்லாம் றொஜனின் மண்டையில் ஏறுமா? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு கோயில் மண்டபத்தில் விருந்து வைத்துவிட்டான். துசியந்தி உள்ளே வந்தாள். மேடையில் சுவருக்குச் சுவர் பேனர். அவளுடைய படம், பக்கத்தில் தங்க எழுத்தில் ‘டயட்டீஷியன் துசியந்தி றொஜன்’. சனம் அப்போதுதான் போனைத் தூக்கியது.

ஐயோ! ஒரு படம் ஃபேஸ்புக்கில் ஏறினால் காணுமே! சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேடையில் பாய்ந்தாள். அந்தச் சொல்லுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றாள். பாட்டுப் போடுகிற பையன் என்ன நினைத்தானோ, துள்ளி ஆடுகிற பைலாப் பாட்டு ஒன்றைத் தட்டிவிட்டான். சொல் நீளம், அவளோ கட்டை. தலையை மறைத்தால் வால் தெரிந்தது. அந்தப் பக்கம் பாய்ந்தாள், இந்தப் பக்கம் பாய்ந்தாள், சனம் கைதட்டியது. துசியந்தி இப்படி ஆடுவாளா என்று வாயைப் பிளந்த பெண்கள் தாங்களும் மேடையில் ஏறினார்கள். ஏற ஏற, சொல் மறைந்தது. ஆடிக்கொண்டே போய் றொஜனின் காதைப் பிடித்தாள்.

“அந்தச் சொல்லை எடுங்கோ. நான் இன்னும் அது இல்லை.”

“படிச்சு முடிச்சிட்டீர்தானே?”

“முடிச்சிட்டன். ஆனா பதியேல்லை. இதைக் கண்டு ஆரும் கவுன்சிலுக்கு எழுதிப்போட்டா, இவ்வளவு பாடும் வீணாப்போயிடும்.”

அவன் முகம் சுருங்கிப் போனது. பாவம், நாள்கணக்காக இழைத்த பேனர். ஆனாலும் பேனர் வெட்டுகிற பிளேடை எடுத்து, ஆட்டத்தின் மறைவில் அந்தச் சொல்லை மட்டும் அறுத்தெடுத்தான். ஓட்டைக்குள்ளால் மண்டபத்துச் சுவரின் பச்சை பெயின்ட் தெரிந்தது.

ஓட்டையை முதலில் கண்டவள் மரியமலர். உடம்பு மெலிய பவுடர் விற்கிறவள்; அவளே காலையும் இரவும் குடிக்கிறாள், ஒரு இறாத்தல் குறைந்ததாகத் தெரியவில்லை.

“அதில நியூட்ரிஷனிஸ்ட் எண்டு ஒட்டன் பிள்ளை. நான் அப்பிடித்தானே போட்டுக்கொண்டு திரியிறன், ஆர் கேட்டவை?”

கேட்க ஆளில்லை, உண்மைதான். அந்தப் பேருக்குச் சட்டம் பூட்டுப் போடவில்லை. புத்தகத்தைத் தொட்டும் பாராத மரியமலர் அதைத் தாராளமாகச் சூடிக்கொள்ளலாம். படித்துக் கிழித்த துசியந்தி வாயைப் பொத்திக்கொண்டு இருக்கவேண்டும். நினைக்க நினைக்க அவளுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. ஓட்டையே கிடக்கட்டும் அக்கா என்று சொல்லிவிட்டு மறுபடியும் ஆடப் போனாள். இந்தமுறை மறைக்க ஒன்றுமில்லாமல், சும்மா ஆடினாள்.

அடுத்த கிழமை, வார்டில் நிற்கும்போது போனில் பார்த்தாள். பதிவேட்டில் பேர் ஏறியிருந்தது. புது வேலைக்கு எடுத்த மனேஜரைக் கட்டிப்பிடித்தாள், வண்டில் தள்ளி வந்த பெடியனையும் விடவில்லை. மனேஜர் சிரித்துவிட்டு, சரி, இனி நீயே நோயாளியைப் பார் என்று ஒரு கட்டிலைக் காட்டினாள்.

கட்டிலில் சிறுநீரக நோயாளி செபமாலைமுத்து, யாழ்ப்பாணத்து மனிதர், தட்டைத் தொடாமல் கோபத்தோடு கிடந்தார். நீர் ஆர் என்று கேட்டார்.

“நான் உங்கட டயட்டீஷியன் ஐயா.”

சொல்லி முடிக்க அவளுக்கு, இன்னொருதரம் கேட்கமாட்டாரா என்று இருந்தது.

“அப்பிடியோ? இந்த உப்பில்லாத கறிக்கு ஆரைப் பிடிச்சு ஏசுறது எண்டு பாத்துக்கொண்டு கிடந்தனான். உம்மைத்தானோ?”

“ஓம் ஐயா, இண்டையிலயிருந்து என்னைத்தான். ஏசினது காணாட்டி கவுன்சிலுக்கும் எழுதலாம், என்ர பேர் அங்க இருக்கு.”

மனிதர் கறியில் தொடங்கி, கிடைக்காத இடியப்பம், சொதி என்று ஒன்றையும் மிச்சம் வைக்காமல் ஏசினார். துசியந்தி கதிரையை இழுத்துப் போட்டு இருந்து கேட்டாள். மரியமலர் எத்தனை பேருக்குப் பவுடர் விற்றாலும் அவளை ஏசி எழுதிப்போட ஒரு இடமில்லை. சந்தோசத்தில் இவளுக்குக் கண் கலங்கிவிட்டது.