கட்டத்துக்குள் ஏறிய பத்தி

ஆபீஸில் அவளுக்கு 'மொதப்பக்கம்' என்று பெயர். தேடுபொறியில் யார் எந்த வீட்டுச் சந்தேகத்தைத் தட்டினாலும், வந்து விழும் முதல் பக்கத்தில் அவள் எழுதியது ஒன்றாவது இருக்கும். அதனால் வந்த பெயர். வீட்டுக்குறிப்புகள் போடும் ஒரு வலைத்தளத்துக்கு அவள் எழுதினாள். செருப்புக்கடைக்கு மேலே, ஜன்னல் இல்லாத ஒரு நீள அறையில் ஆபீஸ். மேஜைகளை நெருக்கிப் போட்டிருந்ததால் ஒருவர் எழுந்தால் இன்னொருவர் நாற்காலியை இழுத்துக்கொள்ள வேண்டும்.

எழுத உட்காரும் முன், ஜனங்கள் எந்த வார்த்தையில் தேடுகிறார்கள் என்று பார்ப்பாள். 'கறை நீக்கும் முறைகள்' என்று ஒருத்தரும் தேடுவதில்லை. 'பாத்ரூம் மஞ்சக் கறை போக என்ன பண்ணணும்' என்றுதான் தேடுகிறார்கள். அதே வார்த்தைகளைத் தலைப்பில் வைப்பாள், முதல் வரியில் வைப்பாள், பிறகு படிப்பவர் கண்ணை உறுத்தாமல் நடுநடுவே தூவுவாள். பதில் சுருக்கமாக இருந்துவிட்டால் இன்னும் அதிர்ஷ்டம். தேடுபொறி அந்தப் பத்தியை மட்டும் பிய்த்தெடுத்து, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கட்டத்துக்குள் போட்டுக் காட்டும். அந்தக் கட்டத்துக்குத்தான் ஊரே அடித்துக்கொள்ளும்.

பயம் அவளுக்குப் புதிதில்லை. பல் தேய்க்கும் முன்பே போனை எடுத்து, எந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது என்று பார்ப்பாள். இறங்கியிருந்தால் பல்கூடத் தேய்க்காமல் அதைத் திருத்த உட்கார்ந்துவிடுவாள். தேடுபொறிக்காரர்கள் திடீரென்று விதியை மாற்றினால் நேற்றுவரை மேலே இருந்தது இன்று கண்ணிலேயே படாது. போன தடவை அப்படி ஆனபோது அவளுக்கு இரண்டு பக்கத்திலும் இருந்தவர்களுக்கு வேலை போய், நாற்காலிகள் காலியாகின. தான் மட்டும் எப்படித் தப்பித்தோம் என்று அவளுக்கே தெரியாது.

பாத்ரூம் கறைக் கட்டுரையை முதலில் சரியாகத்தான் எழுதினாள். பிளீச் ஊற்றி ஊறவிட்டு நன்றாகக் கழுவுங்கள், கறை போகாவிட்டால் இன்னொரு நாள் ஆசிட் போட்டுத் தேயுங்கள், இரண்டும் ஒன்றாகச் சேரவே கூடாது, விஷவாயு கிளம்பும் என்று. ஆனால் கட்டுரை மேலே ஏறாமல் சண்டித்தனம் பண்ணியது. மேற்பார்வையாளர் ஒருநாள் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். கனத்த கண்ணாடி போட்டவர். சோடாபுட்டி என்று சொன்னால்தான் அங்கே பலருக்கும் தெரியும்.

"பதில் வளவளன்னு இருக்கும்மா. மேல வரணும்னா நறுக்குன்னு இருக்கணும். எச்சரிக்கையெல்லாம் கீழ தள்ளு. படிக்கறவங்க படிப்பாங்க."

காலியான நாற்காலிகள் கண்ணில் பட்டன. 'நன்றாகக் கழுவுங்கள்' போனது. 'இன்னொரு நாள்' போனது. பிளீச் ஊற்றி ஊறவிடுங்கள், பிறகு ஆசிட் போட்டுத் தேயுங்கள் என்பது மட்டும் நின்றது. எச்சரிக்கை, விளம்பரங்களுக்கும் கீழே போய் உட்கார்ந்தது. அந்த வாரமே பத்தி கட்டத்துக்குள் ஏறியது. சோடாபுட்டி எல்லாருக்கும் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார்.

அதன்பின் அவள் அதை மறந்தே போனாள். மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம் அக்கா போன் பண்ணினாள். குரல் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல எதிரொலித்தது.

"வேலையா இருக்கியா? ஒண்ணே ஒண்ணு கேக்கணும். பாத்ரூம் கழுவிட்டிருக்கேன். நெட்ல போட்டிருக்கற மாதிரியேதான் செய்யறேன், ஆனா மூக்கு பயங்கரமா எரியுது. இப்படித்தான் இருக்குமா?"

"என்னக்கா ஊத்துன?"

"இரு, படிக்கறேன். 'பிளீச் ஊற்றி ஊறவிடுங்கள், பிறகு...'"

மீதியை அக்கா படித்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை. அடுத்த வார்த்தை என்ன என்று அவளுக்குத் தெரியும். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"வெளிய வா! எல்லாத்தையும் அப்படியே போட்டுட்டு வெளிய வாக்கா!"

"ஏன்டி கத்..." இருமல் வந்தது. ஒரு இருமலோடு நிற்கவில்லை. அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு உண்டு. இந்த இருமல் அதுமாதிரிகூட இல்லை. போன் எதன்மேலோ மோதி விழுந்தது. அப்புறம் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும்.

அந்த இணைப்பைத் துண்டிக்க அவளுக்கு மனசு வரவில்லை. ஒரு காதில் தண்ணீர்ச் சத்தத்தை வைத்துக்கொண்டே எதிர்மேஜைக்காரியின் போனைப் பிடுங்கி அத்தானைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. அக்காவின் எதிர்வீட்டில் ஒரு தையல்காரர் இருந்தார். கடைப் பலகையில் அவர் எழுதி வைத்திருந்த நம்பரை எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். இப்போது கடைசி எண்கள் குழம்பின. முதலில் யாரோ எடுத்துத் திட்டினார்கள். அடுத்தது சரியாக விழுந்தது.

"அண்ணே, உங்க எதிர்வீட்டு அக்கா பாத்ரூம்ல விழுந்துட்டாங்க. கதவை உடைச்சாவது போங்க. உள்ள போனதும் மூச்சு இழுக்காதீங்க, ஜன்னலைத் திறங்க!"

ஆட்டோவில் போகும்போது போனில் தண்ணீர்ச் சத்தமும் நின்றுவிட்டது. யாராவது குழாயை மூடினார்களா, போன் நனைந்து செத்துப்போனதா என்று தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் அக்கா போய்விட்டாள் என்றே அவளுக்குத் தோன்றியது. ஆட்டோக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். "யாருக்கும்மா என்ன?" என்றார். "சீக்கிரம் போங்கண்ணே," என்றாள் அவள்.

தையல்காரர் பின்கதவு வழியாகப் போய், மூக்கில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு அக்காவை இழுத்து வந்திருந்தார். வாசலில் உட்கார்ந்து அவரே கண்ணைக் கசக்கியபடி இருமிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் அக்காவின் முகத்தில் மூச்சுக்கருவியை மாட்டினார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. "கொஞ்சம் தாமதமாயிருந்தா எங்க கையில இல்ல," என்றார் டாக்டர். பிறகு, "யாரு இப்படிச் செய்யச் சொன்னது?" என்று கேட்டார். அத்தான், "நெட்ல பார்த்திருக்கா சார்," என்றார். அவள் சுவரோடு ஒட்டி நின்றாள்.

அக்கா பிழைத்துக்கொண்டாள். பேச்சு வந்த அன்று அக்காவின் கட்டிலோரம் உட்கார்ந்து அவள் சொன்னாள்:

"அதை எழுதுனது நான்தான்க்கா."

அக்கா அவளையே பார்த்தாள். அக்கா திட்டுவாள் என்று இவள் காத்திருந்தாள். திட்டினால் தேவலை போலிருந்தது.

"ரொம்பத் தெளிவா இருந்துச்சுடி," என்றாள் அக்கா, கரகரத்த தொண்டையில். "அதான் நம்பிட்டேன்."

ஆபீஸில் சோடாபுட்டி அவள் சொன்னதைக் கேட்டு உட்கார்ந்துவிட்டார். அதுவரை மேலே இருக்கும் பத்தியில் கைவைத்தால் இறங்கிவிடும் என்று சொல்லிவந்த மனிதர், "உடனே மாத்து, இப்பவே மாத்து," என்றார். மாற்றினாள். ஆனால் கட்டத்துக்குள் பழைய வரிகளே நின்றன. தேடுபொறி மறுபடி வந்து படிக்கும்வரை அது முன்பு பார்த்ததைத்தான் காட்டும். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பக்கத்தைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்தாள். ஒவ்வொரு தடவையும் எங்கோ ஒரு வீட்டில் யாரோ பாட்டிலைத் திறப்பதுபோல இருந்தது.

கடைசியில் அவளுடைய பக்கம் மாறியது, கட்டத்திலிருந்தும் இறங்கியது. அன்றைக்குத்தான் இன்னொன்றைக் கண்டாள். அவளுடைய பத்தியை எவனோ ஒருவன் அட்சரம் பிசகாமல் எடுத்துத் தன் தளத்தில் போட்டிருந்தான். அவள் இறங்கிய இடத்தில் அவன் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு எழுதிப் பார்த்தாள், எடுக்கச் சொல்லிக் கெஞ்சினாள், தேடுபொறிக்கும் புகார் போட்டாள். பதிலே இல்லை.

அப்புறம் அவளுக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினாள். 'பிளீச்சும் ஆசிட்டும் சேர்ந்தா என்ன ஆகும்', 'பாத்ரூம் கழுவும்போது மூக்கு எரியுது', 'மஞ்சக் கறை போக' என்று பயந்தவர்களும் பயப்படாதவர்களும் தட்டக்கூடிய எல்லா வார்த்தைகளையும் பொறுக்கி, ஒரு புதுப் பக்கம் எழுதினாள். சேர்க்காதீர்கள் என்பதே முதல் வரி. அதை நறுக்கென்று எழுத எத்தனையோ தடவை அழித்து அழித்து எழுதினாள்.

சில வாரம் கழித்து அது கட்டத்துக்குள் ஏறியது. எதிர்மேஜைக்காரி கைதட்டினாள். அவள் தட்டவில்லை. விரலால் திரையை மெல்லக் கீழே தள்ளினாள். திருடியவனின் பக்கம் அடுத்த வரியிலேயே இருந்தது.

பிறகு தன் பழைய கட்டுரைகள் இருக்கும் இடத்தைத் திறந்தாள். பட்டியல் நீண்டுகொண்டே போனது. 'கைக்குழந்தைக்குக் காய்ச்சல் குறைய' என்பதை அழுத்தினாள். எந்த எச்சரிக்கை எங்கே போயிருக்கிறது என்று முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.