எதிர்க்கட்சியின் கேள்வி

எங்கள் ஆய்வுக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. கட்டுரையை இதழுக்கு அனுப்புமுன் ஒருவர் எதிர்க்கட்சியாக இருக்க வேண்டும். குற்றம் கண்டுபிடிப்பது மட்டுமே அவர் வேலை. சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் துகள்களான சூரியக் காற்றின் கொந்தளிப்பைப் பற்றி நான் எழுதிய கட்டுரைக்கு எதிர்க்கட்சி, குழுவிலேயே இளையவளான பாப்பிரெட்டிப்பட்டிக்காரி.

நான் அப்போது இண்டூரில், எங்கள் வீட்டு மாடியறையிலிருந்து வேலை செய்துகொண்டிருந்தேன். சூரியனுக்கு அருகே போய்வரும் விண்கலத்தின் காந்தப்புல அளவுகள் என் கணினியில் இருந்தன. காற்றிலுள்ள சுழிகளைக் கலம் படம் எடுப்பதில்லை. ஒரு சுழி தன்னைக் கடக்க எவ்வளவு நேரம் ஆனது என்றுதான் சொல்லும். அந்த நேரத்தைக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் சுழியின் அளவு கிடைக்கும். கலம் சூரியனை நெருங்கிய இடத்தில் சுழிகள் சட்டென்று சிறுத்திருந்தன. வரைபடத்தில் ஒரு பள்ளம். இதுவரை யாரும் சொல்லாத ஒன்று; சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. நிரந்தர வேலைக்கான நேர்காணலுக்கு அந்தப் பள்ளத்தைத்தான் நம்பியிருந்தேன்.

"கலமும் குறுக்க ஓடுதே, அந்த வேகத்தையும் சேத்தீங்களாக்கா?" என்று கட்டுரையின் ஓரத்தில் எழுதியிருந்தாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பூமிக்குப் பக்கத்தில் கலத்தின் வேகத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை. காற்றின் வேகத்துக்கு முன் அது நிற்பது மாதிரிதான். வருடக்கணக்காக அந்தக் கணக்கையே போட்டுப் பழகியவள் நான். பதில்கூட எழுதாமல் 'முடிந்தது' என்ற பொத்தானை அழுத்தி அவள் கேள்வியை மூடினேன்.

இரண்டு வாரம் போனது. கட்டுரையை அனுப்புவதற்கு முந்தின நாள் காலை, கீழே தக்காளிக் கூடைகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கட்டுரைக்கு இன்னும் வலு சேர்க்கலாம் என்று கலத்தின் வேறொரு சுற்றை எடுத்துப் பார்த்தேன். சூரியனிலிருந்து அதே தூரம். ஆனால் கலம் குறுக்கே மெதுவாகப் போன சுற்று. அங்கே பள்ளத்தைக் காணோம். கலத்தின் வேகத்தைப் பார்த்தா சூரியன் சுழிகளை அனுப்பும்? வண்டியில் போகும்போது முகத்தில் அடிப்பதையெல்லாம் ஊர்க்காற்று என்று நம்பியிருக்கிறேன். சூரியனை நெருங்கும்போது கலம் பறக்கும் குறுக்கு வேகத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டதும் பள்ளம் தூர்ந்துபோனது. அதோடு கட்டுரையும் கைவிட்டுப் போனது.

அவளுக்குப் போன் செய்தேன்.

"நீ கேட்டதுதான் சரி. வேகத்தைச் சேத்தா அங்க ஒண்ணுமே இல்ல."

"தெரியுங்க்கா. கேள்வி எழுதின அன்னிக்கே நானும் போட்டுப் பாத்துட்டேன். படம்கூட வரைஞ்சு வெச்சிருக்கறேன்."

"அப்பறம் ஏன் அனுப்பல?"

"நீங்கதான் மூடிட்டீங்களே."

கட்டுரை போனபோது வராத அழுகை அப்போது வந்தது. படத்தை இப்போதாவது அனுப்பச் சொன்னேன். உடனே வந்தது. நான் போட்டதைவிடத் தெளிவாக இருந்தது. அடியில், பிழையைக் கண்டுபிடித்தவர்கள் என்று எங்கள் இருவர் பெயர்களும் இருந்தன. என் பெயரை முதலில் போட்டிருந்தாள்.