இடது மூலையில் எண்ணெய்

அந்த அருவிப் படத்தை நீங்கள் எடுக்கவில்லை, அண்ணாச்சி. நான் எடுத்தது. தென்காசியில் திறக்கப்போகும் உங்கள் புது ஸ்டுடியோ வாசலில் அதை மாட்டி, கீழே உங்கள் பெயரைப் போட்டிருக்கிறீர்கள்.

போன வாரம் கடையத்தில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போட்டோ ஆர்டர் பேசப் போயிருந்தேன். என் ஆல்பத்தின் முதல் பக்கமே அந்த அருவிதான். பெண்ணின் அம்மா பார்த்ததும் மூடிவிட்டார். "ஏம்மா, இது ஸ்டுடியோ அண்ணாச்சி எடுத்த படம்லா? அடுத்தவுக படத்தக் காட்டியா ஆர்டர் கேக்குத?" நான் எடுத்தது என்றேன். சிரித்தார்கள். காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் யாரோ எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்திருந்தார். அந்த வாசனையோடுதான் நான் வளர்ந்தேன். அப்பாவுக்குக் குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிற வேலை. எங்கள் வீட்டில் கதவுத் தாழ்ப்பாள், குடைக் கைப்பிடி, என் பள்ளிக்கூடச் சான்றிதழ் எல்லாவற்றிலும் எண்ணெய். கேமராவை மட்டும் அவர் கைக்கு எட்டாமல் அரிசிப் பானைக்குள் வைத்திருந்தேன். அரிசி ஈரத்தை இழுக்கும் என்று யாரோ சொன்னார்கள். லென்ஸ் வளையத்துக்குள் தவிடு போனதுதான் மிச்சம்.

அப்போது உங்களிடம் வேலை பார்த்தேன். கேமராவைக் கேட்டால், "பொம்பளப் புள்ள, லைட்ட ஆடாமப் புடி, போதும்" என்பீர்கள். லைட் ஆடவில்லை. கைதான் கடுத்தது. முகூர்த்தம் இல்லாத நாளில் என் பழைய கேமராவோடு அருவிக்கு ஓடுவேன்.

ஒரு ஆடிச் சாரலில், அப்பா ஆட்களை உட்காரவைத்து எண்ணெய் தேய்க்கும் பலகை மேல் கேமராவை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். வருவதற்குள் அதைக் கையில் வைத்திருந்தார்.

"கண்ணாடில தண்ணி தெறிச்சுதுட்டி. தொடச்சுட்டேன்."

"எந்தக் கையால?"

"எனக்கு எத்தன கை இருக்கு?"

துண்டால் துடைக்கத் துடைக்க எண்ணெய் ஓரத்துக்குப் பரவியது. அந்த நேரம் பார்த்து வெயில் அடித்தது. வருவது வரட்டும் என்று அமுக்கினேன். எண்ணெய் பட்ட இடது மூலையில் வெயில் கரைந்து வழிய, அருவி தீப்பிடித்துக்கொண்டு விழுந்தது.

உங்கள் கம்ப்யூட்டரில்தான் அதை முதலில் திறந்தேன். "ஏட்டி, நீயா எடுத்தே?" என்றீர்கள். ஞாபகம் இருக்கிறதா? மறு முகூர்த்தத்தில் என் கையிலிருந்த லைட்டை வாங்கிக்கொண்டு கேமராவைக் கொடுத்தீர்கள். என் தொழில் அன்று தொடங்கியது. தனியாகக் கிளம்பியபோது படத்தை உங்கள் கம்ப்யூட்டரில் அழிக்காமல் விட்டு வந்தது என் மடத்தனம்.

அப்பாவின் பலகை கிடந்த இடத்தில் இப்போது கம்பி வேலி. அந்தக் கேமரா செத்துவிட்டது. அப்பாவும் போய்விட்டார். அவர் கை பட்ட தாழ்ப்பாளைக்கூட வீட்டுச் சொந்தக்காரர் மாற்றிவிட்டார். மிச்சம் இருப்பது படத்தின் அந்த மூலை மட்டும்தான். அதன் மேல் உங்கள் பெயரை விடமாட்டேன்.

வெள்ளிக்கிழமை திறப்பு விழாவுக்கு வருகிறேன். கடையத்து அம்மாவையும் கூட்டி வருகிறேன். விளக்கு ஏற்றியதும் மைக்கைப் பிடியுங்கள். இடது மூலையில் இருப்பது யார் விரல் என்று ஊர் முன்னால் சொல்லுங்கள், அண்ணாச்சி.