திடலில் வலை கட்டியவர்

"ஓடிப்போகலை நளினி. என் மருமகன் வாசல் வழியாத்தான் போனார், பட்டப்பகல்ல போனார். நான்தான் சோறு கட்டிக் கொடுத்தேன்."

"ஜொகூர்ல ஒரு பொம்பளை இருக்குன்னு பேசிக்கிறாங்களே, ஆயா."

"பேசுறவங்கள இங்க கூட்டிட்டு வா லா. என் முகத்தப் பாத்துப் பேசட்டும்."

எதிர்வீட்டு நளினி கெட்டவள் இல்லை. கேட்டதை அடுத்த வீட்டில் இறக்கி வைக்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. இத்தனை நாள் பேசாமல்தான் இருந்தேன். இப்போது என் மகள் வாசுகியின் பெயரையும் இழுக்கிறார்கள். அதனால் சொல்லிவிடுகிறேன்.

மாப்பிள்ளை லோகேஸ்வரன் படம் பிடிப்பவர். கல்யாணப் படம் அவருக்கு ஒத்துவராது. ஓடுகிறவன், குதிக்கிறவன், பந்தை எட்டிப் பிடிக்கிறவன், இவர்கள்தான் வேண்டும். எந்த ரப்பர் தோட்டத்தில் பந்து விளையாட்டு என்றாலும் மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிடுவார். காலையில் பிடித்த படங்களை மதியம் சுங்கை பட்டாணி டவுனில் கழுவி எடுத்து வந்து, இறுதி ஆட்டத்துக்கு முன் திடலில் மாட்டிவிடுவார்.

கூடாரம் வாடகைக்கு எடுக்க வசதியில்லை. முதலில் அட்டையில் ஒட்டி நிறுத்தினார். காற்று அதைத் தூக்கி வாய்க்காலில் போட்டது. பிறகு தஞ்சோங் டாவாய் போய், கிழிந்ததென்று மீனவர்கள் ஒதுக்கிய வலையைக் கேட்டு வாங்கி வந்தார். நாற்றம் போக நான்தான் அலசினேன். பெயிண்ட் டின்னில் சிமெண்ட் ஊற்றி, தண்ணீர்க் குழாய்களை அதில் நிறுத்தி, நடுவில் வலையைக் கட்டி, துணி காயப்போடும் கிளிப்பால் படங்களை மாட்டினார். காற்று வலைக்குள் புகுந்து போய்விடும். படம் மட்டும் லேசாக ஆடும். தாய்மார்கள் முழங்காலைப் பார்த்தே "இது என் மகன்" என்று சொல்லிவிடுவார்கள். வாங்காமல் பார்த்துவிட்டுப் போனாலும் மாப்பிள்ளைக்குச் சந்தோஷம்தான்.

குணவதியின் மகன் தேவன் எங்கள் தோட்டத்துக் கோல் கீப்பர். அவன் பறந்து பந்தைத் தட்டிய படத்தை மாப்பிள்ளை பெரிதாக எடுத்து, சட்டம் போட்டு, வலையின் நடுவில் மாட்டினார். அன்று நாங்கள்தான் ஜெயித்தோம். ஆட்டக்காரர்களுக்கு மாலை போட்டார்கள். தேவன் தன் மாலையைக் கழற்றி, "அண்ணே, கொஞ்சம் பிடிங்கண்ணே" என்று மாப்பிள்ளை கையில் திணித்துவிட்டுத் திடலைச் சுற்றி ஓடினான். மாப்பிள்ளைக்கு இரண்டு கையும் கேமராவுக்கு வேண்டும். ஓடுகிறவனைப் பார்த்தபடியே, பக்கத்தில் தட்டுப்பட்ட சட்டத்தில் மாலையை மாட்டிவிட்டார். அது தேவனின் படம்.

செத்தவர் படத்துக்குத்தானே நம் வீடுகளில் மாலை போடுவோம். கூட்டம் பார்த்துவிட்டது. நான் ஓடிப்போய் எடுப்பதற்குள் பார்த்துவிட்டது.

அடுத்த மாதம், வேலைக்குப் போகும் வழியில் தேவனின் மோட்டாரை லோரி இடித்தது.

துக்க வீட்டில் குணவதி மாப்பிள்ளையின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "உயிரோட இருந்த பிள்ளைக்கு மாலை போட்டியே, நல்லா இருப்பியா நீ?" மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்: "அவன்தான் கழட்டிக் கொடுத்தான்னு சொல்ல வேண்டியதுதானே, மாப்பிள்ள?"

"செத்துப் போன பையன் மேலயா பழியப் போடச் சொல்றீங்க, அத்தை?"

"நடந்தத சொல்றதுல என்ன தப்பு?"

"தன் பிள்ளையே கழட்டிக் கொடுத்தான்னு தெரிஞ்சா அந்தம்மா அதையே நெனச்சி உருகிப் போயிடுவாங்க. என்னைத் திட்டட்டும், விடுங்க."

அதற்குப் பிறகு பீடோங் பக்கம் ஒரு போட்டி. வலையைக் கட்டினார், படங்களை மாட்டினார். ஒரு தாய் வந்து, "கோவிச்சுக்காதீங்க தம்பி, என் மகன் படம் மட்டும் வேணாம்" என்று தானே கிளிப்பைக் கழற்றிப் படத்தை எடுத்துக்கொண்டு போனாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. சாயங்காலத்துக்குள் வலை வெறுமனே தொங்கியது. அடுத்தடுத்த திடல்களில் கேமராவைத் தூக்கினாலே பையன்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கடைசியில் போட்டி நடத்துகிறவர்கள், "கொஞ்ச நாளைக்கு வராதீங்கண்ணே" என்று நயமாகச் சொல்லிவிட்டார்கள்.

அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. வாசுகிக்குக் கூலிம் டவுனில் தொழிற்சாலை வேலை. விட்டுவிட்டு வர முடியாது. மாப்பிள்ளை தெற்குக் கோடியில், ஜொகூரில் ஒரு சாமான் கிடங்கில் வேலை தேடிக்கொண்டார். பொம்பளையும் இல்லை, ஒன்றும் இல்லை.

புறப்பட்ட அன்று சோற்றுப் பொட்டலத்தைக் கையில் கொடுத்துக்கொண்டே சொன்னேன்: "நான் போயி குணவதிகிட்ட சொல்லிடறேன். நீங்க இங்கயே இருங்க."

"வேணாம் அத்தை."

"கேமராப் பை உள்ளயே இருக்கு."

"இருக்கட்டும்."

வாசுகி வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாப்பிள்ளை அவள் தலையைத் தொட்டுவிட்டு இறங்கினார். திடலைத் தாண்டித்தான் பஸ் நிறுத்தம். பையன்கள் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். அவரைக் கண்டதும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, அப்படியே நின்றார்கள். அவர்கள் மறுபடி ஆட வேண்டுமே என்று மாப்பிள்ளை வேகமாக நடந்தார்.