மச்சாளின் எகிப்து மாலை

அருங்காட்சியகத்தில் எனக்கு மணி கோர்க்கும் வேலை. எகிப்தியக் கல்லறைகளிலிருந்து வந்த மாலைகளின் நூல் எப்போதோ இற்றுப்போயிருக்கும். சிவப்புக் கல், நீலக் கல், செவ்வந்திக்கல் என்று மணிகளைத் துடைத்து, பழைய வரிசையைக் கண்டுபிடித்துத் திரும்பக் கோர்ப்பேன்.

என் கணவரின் அக்கா, அதாவது மச்சாள், இதை ஒருநாளும் வேலையாக மதித்ததில்லை. ஜெர்மனியின் டுசல்டோர்ஃபில் அவருடைய மகனின் கல்யாணத்தில் ஆராத்தி எடுக்க நான் தட்டைத் தூக்கினேன். மண்டபம் நிறையச் சனம் பார்த்திருக்க, அதை என் கையிலிருந்து வாங்கி வேறொருத்தியிடம் கொடுத்தார்.

"செத்தவையின்ரை சாமான் தொடுற கை. நீர் இதைத் தொடாதையும்" என்றார்.

நான் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். என் கணவர் மரம் மாதிரி நின்றார். அந்தக் கோபம் இரண்டு வருடமாகியும் தணியவில்லை. தணிக்க எனக்கு விருப்பமும் இல்லை.

போன வருடம் மச்சாள் எகிப்துக்குச் சுற்றுலா போய் வந்தார். வரும்போது கழுத்தில் ஒரு மணிமாலை. ஆயிரக்கணக்கான வருடம் பழைய கல் என்று கடைக்காரன் சொன்னானாம். மகளின் கல்யாணத்துக்கும் அதையே போடப்போவதாக ஊரெல்லாம் சொல்லியாயிற்று. ஒரு பிறந்தநாள் விருந்தில், இருபது பேருக்கு முன்னால், என்னிடம் கழுத்தை நீட்டினார்.

"நீர் படிச்ச ஆள்தானே. உண்மையானதோ எண்டு சொல்லும் பாப்பம்."

கிட்டப் போய்ப் பார்த்தேன். வெறும் கண்ணாடி. பழைய மணியை இரண்டு பக்கமிருந்தும் துளைத்திருப்பார்கள். நடுவில் துளை சற்றே கோணும். இதில் துளை நேராக ஓடியது. மணிக்குள் காற்றுக் குமிழிகூடத் தெரிந்தது. அதைச் சொன்னால் அவருக்கு ஐந்து நிமிட வெட்கம், அவ்வளவுதான். எனக்கு அது போதாது.

"ஓம் மச்சாள், உண்மையானதுதான்" என்றேன். அவர் முகம் பூரித்தது. பிறகு பச்சைப் பொய்யைச் சொன்னேன். "இப்பிடி மாலையை உயிரோடை இருக்கிறவைக்குப் போடுறேல்லை. பிரேதத்தின்ரை கழுத்திலை போட்டுத்தான் கல்லறைக்குள்ளை தாட்டவை. அங்கையிருந்துதான் எடுத்திருக்கினம்."

மச்சாளுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் நாற்காலியைத் தள்ளிப் போட்டார்கள்.

"நான் இதோடை கோயிலுக்கெல்லாம் போயிட்டனே" என்றார் மச்சாள். அவர் கை கழுத்துவரை போய், மாலையில் படாமல் நின்றது. கழற்றச் சொல்லி மகளைப் பார்த்தார். கல்யாணம் ஆகப்போகிறவள், இரண்டடி பின்னால் போனாள். வேறு ஒருவரும் எழும்பவில்லை.

"நீரே கழட்டிவிடும்" என்றார் என்னிடம், மெல்ல.

குனிந்து கழுத்தைக் கொடுத்தார். கொக்கி சின்னது, ஒரு நொடியில் கழற்றியிருக்கலாம். எல்லோரும் பார்க்கட்டும் என்று ஆற அமரக் கழற்றினேன்.